ஒரே ஜாக்கெட் போதுமா? அன்னபூர்ணா சுற்றுப்பாதைக்குக் கிளம்புகிறவருக்கு

அக்டோபர் நடுவில் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முதுகுப்பையின் எடையைக் குறைக்க வேண்டும். மழைக்கும் காற்றுக்கும் சேர்த்து ஒரே ஜாக்கெட்டாக வாங்கிவிடலாமா? நீர்த்தடுப்பு அளவு 10,000 மி.மீ. போதுமா, 20,000 வேண்டுமா? எடை எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?”

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். ஒன்றுக்குப் பதில் இரண்டு வாங்குங்கள். 100 கிராமை ஒட்டி, காற்றைத் தடுக்கும் ஒரு மெல்லிய விண்ட்சீட்டர், 250 கிராமை ஒட்டி ஒரு மழை ஜாக்கெட். எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று சொல்லிக் கடையில் காட்டும் உள்துணி வைத்த ஒற்றை ஜாக்கெட் பல நேரம் 500, 600 கிராம் இருக்கும். இரண்டைச் சுமப்பவர்தான் குறைந்த எடையைச் சுமக்கிறார்.

அந்தப் பாதையின் நில அமைப்பைப் பார்த்தாலே இது விளங்கும். எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதைப் பொறுத்து 160 முதல் 230 கி.மீ. வரை நடக்க வேண்டியிருக்கும். சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெசிசகரில் வாழையும் நெல்லும் விளைகின்றன. அங்கிருந்து ஏறி 5,416 மீட்டரில் தொராங் லா கணவாயைக் கடந்து மறுபுறம் இறங்குகிறோம். மலைத்தொடரின் தென்முகம் மழையைத் தடுத்து நிறுத்திக் கொட்ட வைக்கும். பொக்காராவுக்கு மேற்கே இருக்கும் லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதே மலைத்தொடரின் முதுகுப்புறத்தில் இருக்கும் ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர் அளவுதான். சென்னைக்கு ஆண்டுச் சராசரி 1,400 என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். ஆக, இது மழை ஆளும் பாதி, காற்று ஆளும் பாதி என இரண்டாகப் பிளந்து கிடக்கும் பாதை. அதிலும் நீங்கள் போவது அக்டோபர். பருவமழை விடைபெற்றுவிட்ட மாதம். பெரும்பாலான நாள்கள் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். மழை ஜாக்கெட் அநேகமாகப் பைக்குள்ளேயே கிடக்கும். காற்றுக்குப் போடுவதுதான், கணவாய்க்கு முன்னால் வரும் மனாங் என்ற ஊரைத் தாண்டியபின் உடம்பை விட்டு இறங்காது.

காற்று என்று நான் சொல்வது கடற்கரையில் வாங்குகிற காற்று போன்றதில்லை. தவுளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே, இரண்டு எட்டாயிரம் மீட்டர் சிகரங்களைப் பிளந்துகொண்டு காளி கண்டகி ஆறு ஓடுகிறது. காலை பத்து, பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் வடக்கேயுள்ள முஸ்தாங் மேட்டுநிலம் சூடாகிறது. அங்கே மேலெழும் காற்றின் இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து காற்று அந்தப் பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. ஜோம்சோமுக்கு விமானங்கள் காலையில் மட்டும் வந்துபோவது இதனால்தான். கணவாயைத் தாண்டி வருகிறவர்கள் காக்பேனியிலிருந்து ஜோம்சோம் நோக்கித் தெற்கே நடக்கிறார்கள், அதாவது அந்தக் காற்றுக்கு நேர் எதிரே.

முதல்முறை நான் போனபோது என்னிடம் இருந்தது மூன்றடுக்கு மழை ஜாக்கெட் ஒன்று மட்டும். நல்ல ஜாக்கெட்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. காக்பேனியை விட்டுக் கிளம்பும்போதே பதினொன்றாகிவிட்டது. ஆற்றுப்படுகையின் கூழாங்கற்களுக்கு மேல் மணல் பாம்புபோல நெளிந்து வந்து கண்ணில் அடித்தது. வாயை மூடியிருந்தும் பல்லிடுக்கில் நறநறத்தது. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். காற்று நின்றது. அரை மணி நேரத்தில் முதுகு முழுக்க ஈரம். வெயில் சுட்டெரிக்க, நடையின் சூடு உள்ளே சேர, சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஜிப்பைத் திறந்தால் அந்த ஈரத்தில் காற்று பட்டு நடுக்கம், மூடினால் புழுக்கம். திறந்தும் மூடியுமே ஜோம்சோம்வரை போனேன். கூட நடந்த வழிகாட்டி, கைக்குள் அடங்கும் அளவு மெல்லிய ஒரு நைலான் சட்டையைப் போட்டுக்கொண்டு, உலர்ந்த முதுகோடு நடந்தார். சத்திரத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டு வாங்கித் தடவிப் பார்த்தேன். நீரைத் தடுக்கும் சவ்வு இல்லை, உள்துணி இல்லை. நெருக்கமாக நெய்த ஒற்றைத் துணி, அவ்வளவுதான்.

அந்த ஒற்றைத் துணி எப்படிப் போதுமானதாகிறது? நம் உடம்பு தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய வெப்பக் காற்றுப் போர்வையை எப்போதும் வைத்திருக்கிறது. காற்று வீசும்போது அந்தப் போர்வை பறிபோகிறது. வெப்பநிலை 0 டிகிரியாக இருந்து மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 7 போலத் தெரியும். மைனஸ் 5-இல் அதே காற்று மைனஸ் 14 போல. காற்றின் வேகத்தை மட்டும் உடைத்துவிட்டால் அந்த ஏழும் ஒன்பதும் டிகிரிகள் நமக்குத் திரும்பக் கிடைத்துவிடும். அதற்குச் சவ்வு தேவையில்லை, நெருக்கமான நெசவே போதும். நெசவில் மிச்சமிருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியே வியர்வையின் ஆவி தாராளமாக வெளியேறும். மழை ஜாக்கெட்டில் அந்த வழி அடைபட்டிருக்கும், அடைப்பதற்காகத்தான் அதைச் செய்கிறார்கள். ஒரே துணியிடம் இரண்டு வேலையையும் கேட்பதில் இருக்கும் சிக்கல் இதுதான்.

விண்ட்சீட்டர் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் விண்ட்சீட்டர் என்றோ ஜெர்கின் என்றோ கேட்டால், பைக் ஓட்டுவதற்கான, உள்ளே வலைத்துணியும் பிளாஸ்டிக் பூச்சும் வைத்ததை எடுத்துப் போடுவார்கள். அது வேண்டாம். துணியை உதட்டோடு அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு துளியும் போகவில்லை என்றால் பூச்சு இருக்கிறது, அது மழை ஜாக்கெட்டின் தம்பி. மூச்சு தடையில்லாமல் போனால் கணவாயில் காற்றும் அப்படியே போகும். கொஞ்சம் அழுத்தி ஊதினால்தான் மறுபுறம் வைத்த விரலுக்கு மெல்லிய குளிர்ச்சி தெரிகிறது என்றால் அதுதான் நாம் தேடும் துணி. தலைமூடி (ஹூட்) வைத்ததாக எடுங்கள். படகோனியா நிறுவனத்தின் ஹௌடினி ஜாக்கெட் சுமார் 105 கிராம்தான், தன் பைக்குள்ளேயே மடங்கி ஆப்பிள் அளவுக்கு வந்துவிடும். அந்த விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓட்டப் பயிற்சிக்காரர்களுக்காக விற்கும் மெல்லிய நைலான் ஜாக்கெட்டுகளில் ஊதிப் பார்க்கும் சோதனையில் தேறியது எதுவானாலும் இந்த வேலையைச் செய்யும். நான் இன்று வைத்திருப்பதும் அப்படி வாங்கியதுதான்.

இனி மழை ஜாக்கெட். நீங்கள் கேட்ட அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறேன். 10,000 மி.மீ. என்பது ஒரு நீர்த்தூணின் உயரம். துணியை விறைப்பாகப் பிடித்துவைத்து, நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார்கள். மறுபுறம் மூன்று இடங்களில் துளி எட்டிப் பார்க்கும் கணத்தில் அளவைக் குறித்துக்கொள்வார்கள். பத்து மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் தாங்கியது என்று பொருள். வானத்திலிருந்து விழும் மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. அழுத்தம் ஏறுவது பையின் தோள்பட்டைக்கு அடியிலும் இடுப்புப் பட்டைக்கு அடியிலும்தான். ஈரத் துணியின் மேல் பத்துக் கிலோ சுமை மணிக்கணக்கில் உரசுகிற இடங்கள் அவை. உங்கள் பயணத்துக்கு 10,000 தாராளமாகப் போதும். 20,000-க்குக் கூடுதல் பணம் தருவதைவிட அந்தப் பணத்தை வேறு இரண்டு அம்சங்களில் போடுங்கள்: எல்லாத் தையல்களின் உட்புறமும் டேப் ஒட்டியிருப்பது, அக்குளில் ஜிப் இருப்பது. துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். டேப் ஒட்டாத தையல் உள்ள ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் எண்ணுக்கு மதிப்பே இல்லை.

பக்கத்திலேயே இன்னொரு எண் இருக்கும், ஒரு சதுர மீட்டர் துணி வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்று. 10,000 கிராம் என்றால் மணிக்கு 417 கிராம் அளவு. ஏற்றத்தில் ஒரு மனிதருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்க்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழச் சரியாக வருவதுபோலத் தோன்றும், வாங்குகிறவர் மயங்குவதும் அங்கேதான். அந்த எண் சோதனைச் சாலையின் சூழலுக்கானது. அந்தச் சோதனையிலும் பல முறைகள் உண்டு. ஒரே துணி ஒரு முறையில் ஒரு எண்ணும் இன்னொரு முறையில் அதைவிடப் பலமடங்கு எண்ணும் தரும். எந்த முறை என்று அட்டையில் எழுதாதவரை இரண்டு நிறுவனங்களின் எண்களை ஒப்பிடுவதில் பயனில்லை. அதைவிட முக்கியமானது, ஆவி தானாக வெளியேறிவிடாது என்பது. உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதலாகவும், வெளியே குளிர்ந்து உலர்ந்தும் இருந்தால்தான் அது வெளியே நகரும். பெசிசகருக்கும், மனாங்குக்கு முன்பு வரும் சாமேவுக்கும் நடுவில் மிதமான வெப்பத்தில் மழை பெய்யும்போது வெளிக்காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும். ஆவி போவதற்கு இடம் எங்கே? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலை மழையில் நடந்தவர்களுக்கு இது அனுபவப் பாடம். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்த ஜாக்கெட்டுக்குள்ளும் அங்கே தெப்பமாக நனைவோம், மழையால் அல்ல, நம் வியர்வையாலேயே. அதனால்தான் எண்ணை நம்புவதைவிட அக்குள் ஜிப்பை நம்புங்கள் என்கிறேன். ஆவியைத் துணி வழியே வடிகட்டுவதைவிட வாசலைத் திறந்துவிடுவது எப்போதும் வேகமானது.

அடுக்குகள் பற்றி ஒரு வார்த்தை. நீரைத் தடுத்து ஆவியை விடும் சவ்வின் கதை 1969-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், ஒட்டாத வாணலிகளில் பூசப்படும் அதே டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கி இழுத்து நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தபோதெல்லாம் அறுந்தது. ஒருமுறை வெடுக்கென இழுத்தார். அறுபடாமல் பல மடங்கு நீண்டு, உள்ளே கோடிக்கணக்கான நுண்துளைகளோடு ஒரு பொருள் கிடைத்தது. அதுதான் கோர்-டெக்ஸ் ஆனது. அந்தச் சவ்வு மிக மென்மையானது என்பதால் வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி என்று நடுவில் வைத்து ஒட்டினால் மூன்றடுக்கு. உட்துணிக்குப் பதில் மெல்லிய பூச்சோ அச்சோ மட்டும் வைத்தால் இரண்டரை அடுக்கு. மூன்றடுக்கு பல ஆண்டுகள் உழைக்கும், 300 முதல் 450 கிராம் எடை இருக்கும். இரண்டரை அடுக்கு 200 முதல் 300 கிராம், கையில் பட்டால் பிசுபிசுவென்று இருக்கும், சீக்கிரம் தேயும். அதிகமும் பைக்குள் கிடக்கப் போகிற ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டரை அடுக்கே சரி. பிசுபிசுப்புக்கு வழி, உள்ளே முழுக்கைச் சட்டை போடுவது.

துணியின் வெளிப்புறத்தில் நீர் ஒட்டாப் பூச்சு ஒன்றும் இருக்கும். புது ஜாக்கெட்டில் நீர் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீர்போல முத்து முத்தாக உருண்டு ஓடுமே, அது இந்தப் பூச்சின் வேலை. அது தேய்ந்துவிட்டால் வெளித்துணி ஊறிக் கனத்துப்போகும். உள்ளே சவ்வு நீரைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் ஊறிய துணி வழியே ஆவி வெளியேறாது, குளிரும் நேரடியாக உடம்பில் ஏறும். “ஜாக்கெட் ஒழுகுகிறது” என்று பலர் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இதுவரை இந்தப் பூச்சுகளில் ஃப்ளூரின் சேர்ந்த வேதிப்பொருள்களைப் பயன்படுத்தினார்கள். அவை இயற்கையில் சிதையாமல் நீரிலும் உடம்பிலும் தங்கிவிடுபவை என்பதால் இப்போது விலக்கிவருகிறார்கள். 2025 முதல் கலிபோர்னியா போன்ற இடங்களில் சட்டமே வந்துவிட்டது. நல்ல மாற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் ஃப்ளூரின் இல்லாத பூச்சு நீரை விரட்டும், எண்ணெயை விரட்டாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கமுள்ள நமக்கு இது நேரடியாகப் பொருந்தும். தலைமூடியும் கழுத்துப் பட்டையும்தான் முதலில் ஊறத் தொடங்கும். நடைப்பயணத்துக்குப் போகும் நாள்களில் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. வந்தபின் இத்தகைய துணிகளுக்கென்று விற்கும் சோப்புத் திரவத்தால் துவைத்து, நன்றாக அலசுங்கள். சாதாரண சோப்புத் தூள் ஒரு படலத்தை விட்டுச்செல்லும், அது நீரை இழுக்கும். துணி மென்மையாக்கி அறவே கூடாது. அட்டையில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் உலர்த்துங்கள், பூச்சு ஓரளவு உயிர்பெறும்.

பராமரிப்பில் நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. விலை குறைந்த, நடுத்தர விலை மழை ஜாக்கெட்டுகளில் இருப்பது பாலியுரித்தேன் பூச்சு. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அது நாளடைவில் சிதைந்துவிடும். ஒரு பயணம் முடிந்து வந்து, என் ஜாக்கெட்டைச் சுருட்டி அதன் சிறு பைக்குள் திணித்து, சென்னை வீட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். வேலை, குடும்பம் என்று இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. அடுத்த பயணத்துக்கு எடுத்துப் பிரித்தபோது புளித்த பால்போல ஒரு வாடை. உட்புறம் விரலில் ஒட்டியது. தையல் மேல் இருந்த டேப்பை நகத்தால் தொட்டேன், வெங்காயச் சருகுபோலக் கையோடு வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் புது ஜாக்கெட். கிளம்புவதற்கு முதல்நாள் ராத்திரி அதைப் பார்த்த கலக்கம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நன்றாக உலர்த்தி, சுருட்டாமல், காற்றுப் படும் இடத்தில் ஹேங்கரில்தான் மாட்டுகிறேன். உங்கள் வீட்டில் பழைய ஜாக்கெட் இருந்தால் இன்றே எடுத்துத் தையல் டேப்பைத் தடவிப் பாருங்கள். நண்பரிடம் இரவல் வாங்குவதாக இருந்தாலும் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கணவாயில் உள்ளே என்னென்ன போடப்போகிறீர்களோ அந்த ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மேற்சட்டையையும், நிரப்பிய முதுகுப்பையையும் கொண்டுபோங்கள். ஃப்ளீஸுக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு, பையையும் மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். மணிக்கட்டு வெளியே தெரிந்தாலோ, இடுப்பு ஓரம் மேலேறி வந்தாலோ ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தலைமூடியை இழுத்துப் போட்டுக் கயிற்றை இறுக்கி, இடது வலது என்று திரும்பிப் பாருங்கள். முகத்தோடு மூடியும் திரும்ப வேண்டும். முகம் மட்டும் திரும்பி ஒரு கண் துணிக்குள் போய்விட்டால், ஜீப்புகள் ஓடும் மலைச்சாலையில் அது வெறும் அசௌகரியத்தோடு நிற்காது. நெற்றிக்கு மேல் விறைப்பான விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள், மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அது கட்டாயம். பக்கப் பைகள் இடுப்புப் பட்டைக்கு மேலே இருக்க வேண்டும். பட்டைக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் பை இருந்தும் இல்லாததற்குச் சமம். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். பனிமூட்டத்தில் கூட வருகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய வேண்டும், கறுப்பும் சாம்பலும் பாறையோடு பாறையாகிவிடும்.

“பைக் ரெயின்கோட்டே போதாதா” என்றும் சிலர் கேட்பதுண்டு. நீரை அது நன்றாகவே தடுக்கும். ஆனால் முக்கால் கிலோ, ஒரு கிலோ எடை. ஏற்றத்தில் பத்து நிமிடத்தில் உள்ளே ஆவிக்குளியல். போர்வைபோலப் பையையும் சேர்த்து மூடும் பொஞ்சோ கீழ்ப்பகுதிக்கு அருமையான தேர்வு, காற்றோட்டம் தாராளம். மேலே காற்றில் அது பாய்மரமாகிவிடும், ஒற்றையடிப் பாதையில் காலை மறைக்கும், அங்கே போடக் கூடாது. நான் மனமாரப் பரிந்துரைப்பது குடையை. சாமே வரைக்கும் வெதுவெதுப்பான சாரலில் 200 கிராம் குடை தரும் நிம்மதியை எந்தச் சவ்வும் தராது. வெயிலுக்கும் ஆகும். அமெரிக்காவின் 4,265 கி.மீ. நீளப் பசிபிக் முகட்டுப் பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் பலர், ஃப்ராக் டாக்ஸ் என்ற, நெய்யாத துணியில் செய்த மலிவான மழை ஜாக்கெட்டை எடுத்துப் போவார்கள். முள்ளில் மாட்டினால் கிழியும், டேப் ஒட்டி ஓட்டுவார்கள். பாதையின் பெரும்பகுதி வறண்ட மலைகள் என்பதால் அவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. உங்கள் பாதையில் 5,416 மீட்டர் கணவாய் இருக்கிறது. அங்கே கிழியக்கூடியதோடு போக நான் சம்மதிக்க மாட்டேன்.

கணவாய் நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணவாயின் அடிவாரத்தில் இருக்கும் தொராங் ஃபேதியிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்புவார்கள், வெயில் ஏறினால் மேலே காற்று வலுத்துவிடும் என்பதால். அந்நேரத்தில் உறைநிலைக்கும் பல டிகிரி கீழே இருக்கும். உடம்போடு ஒட்டிய உள்சட்டை, ஃப்ளீஸ், அதற்கு மேல் விண்ட்சீட்டர். ஏறும்போது இவ்வளவுதான். கிளம்பும் முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும், அப்படிக் குளிர்ந்தால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். முதலிலேயே கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு ஏறினால் வியர்த்து, நின்ற இடத்தில் அந்த வியர்வை உறையத் தொடங்கும். நிற்கும்போது எல்லாவற்றுக்கும் மேல் இறகு ஜாக்கெட். பனி பெய்தால் விண்ட்சீட்டரின் இடத்துக்கு மழை ஜாக்கெட் வரும். இறங்கி முக்திநாத் போய்ச் சேர்ந்தால், 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் நம் ஊர் யாத்திரிகர்களின் குரலையும் கேட்கலாம். அங்குள்ள 108 தாரைகளில் குளிக்க நினைத்திருந்தால் உலர்ந்த உள்சட்டையும் விண்ட்சீட்டரும் கைக்கு எட்டும் இடத்தில் தயாராக இருக்கட்டும். ஈர உடம்பில் அந்த உயரத்துக் காற்று பட விடக் கூடாது.

அக்டோபர் என்பதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2014 அக்டோபர் 12 அன்று ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. அதன் மிச்சம் வடக்கே நகர்ந்து, 14-ஆம் தேதி அன்னபூர்ணா, தவுளகிரிப் பகுதியில் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. தொராங் லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயணிகளோடு வழிகாட்டிகள், சுமைதூக்குபவர்கள், உள்ளூர் மக்களும் அதில் இருந்தார்கள். வானம் தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் நம்பும் மாதம் அது. ஆகவே வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்தால், அது ஆந்திரத்துக்கோ ஒடிசாவுக்கோ போகிறது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த மூன்று நாள் கணவாய் ஏறாமல் மனாங்கிலேயே தங்குங்கள். இடுப்பளவு பனியில் எந்த ஜாக்கெட்டும் யாரையும் காப்பாற்றாது. கையில் மூன்று நாள் உபரியாக வைத்துப் பயணத்தைத் திட்டமிடுவது, எந்த விலை உயர்ந்த ஜாக்கெட்டையும்விட உறுதியான காப்பு.

காத்மாண்டு போய் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினால், தமேல் கடைத்தெருவில் பெரிய பெயர்களின் முத்திரை குத்திய நகல்கள் குவிந்து கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஃப்ளீஸ், தொப்பி, கையுறை போன்றவற்றை அங்கே தாராளமாக வாங்கலாம், மலிவாகவும் நன்றாகவும் இருக்கும். மழை ஜாக்கெட்டை மட்டும் ஊரிலேயே, திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

வாங்கிய அன்றே விலைச்சீட்டைக் கிழிக்காமல் ஒரு வேலை செய்யுங்கள். வெளிர்சாம்பல் நிறப் பருத்திப் பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் அதில் உடனே கருமையாகத் தெரியும். மேலே ஜாக்கெட், அதற்கு மேல் பழைய துணிகளைத் திணித்த முதுகுப்பை. தலைமூடியை இறுக்கிக்கொண்டு குளியலறை ஷவருக்கு அடியில் கால் மணி நேரம் நில்லுங்கள். கைகளை ஏற்றி இறக்கி, தோளை அசைத்து, நடப்பது போலவே இருங்கள். பிறகு கழற்றிப் பனியனைப் பாருங்கள். தோள் தையலிலோ முதுகிலோ திட்டுத் தெரிந்தால் நன்றாக உலர்த்தி, கடைக்கே திருப்பி எடுத்துப் போங்கள். கழுத்தைச் சுற்றி மட்டும் நனைந்திருந்தால் குறை கயிற்றில்தான். தாடை மறையும்படி ஜிப்பை முழுவதும் ஏற்றி, தலைமூடியின் பின்பக்கக் கயிற்றையும் இழுத்துவிட்டு, மறுபடி ஒருமுறை நின்று பாருங்கள்.